இரண்டு விரற்கடை

அகத்திய மலையின் மேற்குச் சரிவில், பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டி, போனக்காடு என்னும் சிற்றூர் உள்ளது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. ஆங்கிலேயர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டம் அது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறிய தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் அங்குள்ள லயங்களில் இன்றும் வாழ்கின்றனர். தோட்டம் நொடித்துப்போய்ப் பல ஆண்டுகள் ஆயின; தேயிலைத் தொழிற்சாலை பாழடைந்து நிற்கிறது. ஆனால் அடுப்பு எரிந்தாக வேண்டும். பிள்ளைகள் வளர்ந்தாக வேண்டும்.

1868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடச் சிகரத்திற்குச் செல்வோர், வனத்துறையின் அனுமதி பெற்று, இவ்வூரிலிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றனர். ஆண்டின் தொடக்க மாதங்களில், தோளில் ஒரு பையும் கையில் ஒரு கோலுமாக, தமிழ் முனிவரின் மலையைத் தரிசிக்க அவர்கள் மேலே ஏறுகிறார்கள். அதே காலை வேளையில், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று எனக் குழந்தைகளுடன் ஒரு தாய் கீழே விதுராவுக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருக்கக் கூடும். ஏறுவோரின் பயணத்தை உலகம் யாத்திரை என்கிறது. இறங்கும் தாயின் பயணத்திற்குப் பெயர் எதுவும் இல்லை. 'கடைக்குப் போய் வருவது' என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இவ்விரண்டில் மனத்தை அதிகமாகச் சோதிப்பது எது? சாதனை என்ற சொல்லுக்கு இரண்டாவது பயணத்திலும் இடம் உண்டா? இந்தக் கேள்வி போனக்காட்டுக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் அடுக்கு மாடியில் வாழும் தாயும், மதுரைச் சந்தையில் பேரனைக் கையில் பிடித்து நடக்கும் தாத்தாவும் இதை எதிர்கொள்கின்றனர். மலையடிவாரத்தில், பேருந்து குறைவாகவும் யானை நடமாட்டம் மிகுந்தும் இருக்கும் ஓர் ஊரில், இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது, அவ்வளவுதான்.

ஒரு நாளின் கணக்கு

அத்தகைய ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது; தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போட வேண்டும். மூத்தவனுக்கு ஐந்து வயது. ஆதார் அட்டைக்காக அவனுடைய கைரேகையையும் கருவிழியையும் முதன்முறையாகப் பதிவு செய்ய வேண்டும். ரேஷன் அரிசி வாங்க வேண்டும். மூன்றும் கீழேதான் நடக்க வேண்டும். மாலைப் பேருந்து புறப்படுவதற்குள் நடக்க வேண்டும். தாயின் மனத்தில் ஒரு திட்டம் உருவாகிறது: முதலில் மருத்துவமனை, பிறகு அட்சயா மையம், கடைசியில் ரேஷன் கடை. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் என்று அவள் கணக்கிட்டுக்கொள்கிறாள்.

திட்டத்தில் குழந்தைகளின் பங்கு என்னவென்று அவர்களை யாரும் கேட்பதில்லை. மலை வளைவுகளில் மூத்தவனுக்கு வாந்தி வருகிறது. மருத்துவமனையில், வரிசை நெருங்கும் நேரத்தில் சின்னது தூங்கிவிடுகிறது. ஊசி போட்டதும் விழித்து அழத் தொடங்கி, அழுகையை நிறுத்த மறுக்கிறது. அட்சயா மையத்தில், கருவியைப் பார்த்து ஒரு கணம் அசையாமல் இருக்கச் சொன்னால், ஐந்து வயதுப் பையன் அந்த ஒரு கணத்தில்தான் திரும்பிப் பார்க்கிறான். ரேஷன் கடையில் விரலை வைத்தால் இயந்திரம் தாயின் ரேகையை ஏற்க மறுக்கிறது. கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல் அது. அதற்குள் பையன் வெளியே சாலைப் பக்கம் ஓடிவிடுகிறான். பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கடிகாரம் நகர்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு கை ஓங்கப்படுகிறது. பையன் அடி வாங்குகிறான்.

தத்துவ நூல்கள் இத்தகைய கணங்களைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. போர்க்களத்தில் அர்ஜுனனுக்கு எழுந்த தடுமாற்றத்தை உலகம் அறியும். ரேஷன் கடை வாசலில் ஒரு தாய்க்கு எழும் தடுமாற்றமும் 'எது என் கடமை?' என்பதுதான். அரிசி வாங்குவதா, அழும் குழந்தையைத் தேற்றுவதா? அடித்தது ஒழுங்குக்காகவா, ஆத்திரத்தாலா? அந்தச் சினத்திற்கு அவள் மட்டுமா பொறுப்பு?

சினம் பிறக்கும் இடம்

விருப்பம் தடைப்படும்போது சினம் பிறக்கிறது என்பது கீதையின் ஆய்வு. புலனின்பத்தில் கொள்ளும் ஆசையையே இது குறிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இந்தத் தாயின் விருப்பத்தில் தன்னலம் ஏதும் இல்லை. குழந்தைக்கு ஊசி, குழந்தைக்கு அட்டை, குழந்தைக்குச் சோறு. எல்லாம் பிறருக்காக. அப்படியிருக்கச் சினம் எங்கிருந்து வந்தது?

பலனில் வைக்கும் பற்றைப் போலவே, செயலின் ஒழுங்கிலும் மனம் பற்று வைக்கிறது. 'இது முதலில், அது பிறகு, இத்தனை மணிக்குள்' என்ற வரிசையை மனம் தன் உடைமை ஆக்கிக்கொள்கிறது. யாருக்காக அந்த வரிசை வகுக்கப்பட்டதோ, அவரே அதைக் கலைக்கும்போது, அவரை எதிரியாகக் காண்கிறது. பூஜைக்குப் பூப்பறிக்கச் சென்றவர், வழியில் யாரோ பேச்சுக் கொடுத்தார் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்து இறைவனுக்கு அர்ச்சனை செய்வதைப் போன்றது இது. பற்றின்மை என்பது வேலையைக் கைவிடுவதன்று. திட்டத்தை வகுத்துக்கொண்டு, அது கலையும்போது தானும் உடன் கலைந்துபோகாமல் இருப்பதே பற்றின்மை.

இன்னொரு நுட்பமும் உண்டு. அதே குறும்பை அதே குழந்தை வீட்டில் செய்தால் தாய் சிரித்திருக்கலாம். கடைவாசலில் செய்ததால் அடி விழுந்தது. அங்கே பத்துப் பேர் பார்க்கிறார்கள். 'பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள்' என்று அவர்கள் எண்ணுவார்களே என்ற கூச்சம் கையை ஓங்கச் செய்கிறது. அந்த அடி குழந்தையைத் திருத்துவதற்காக விழவில்லை. பார்ப்பவர்களுக்குப் பதிலாகவே விழுந்தது. அகங்காரம் செல்வந்தர்களிடமும் பண்டிதர்களிடமும் மட்டும் குடியிருப்பதில்லை. களைத்துப்போன ஏழைத் தாயிடமும் அது சற்று நேரம் வந்து தங்கிப் போகிறது. அதற்கு அவளைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆனால் அது வந்து போவதை அவள் அடையாளம் கண்டுகொண்டால், அடுத்த முறை கை பாதி வழியில் நின்றுவிடக் கூடும்.

கோகுலத்தில் ஒரு காலைப்பொழுது

வேலைக்கும் குழந்தைக்கும் இடையே சிக்கிய தாயைப் பற்றி நம் மரபு பேசாமல் இல்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம், ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் அதுதான்.

அன்று வீட்டுப் பணிப்பெண்கள் வேறு வேலைகளில் இருந்தனர் என்று தொடங்குகிறது அந்த அத்தியாயம். அதனால் யசோதை தானே தயிர் கடைகிறாள். கண்ணன் வந்து மத்தைப் பிடித்துக்கொண்டு பால் கேட்கிறான். அவள் கடைவதை நிறுத்திவிட்டு அவனை மடியில் ஏந்திப் பாலூட்டுகிறாள். அந்நேரம் அடுப்பில் வைத்த பால் பொங்குகிறது. வயிறு நிறையாத குழந்தையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவள் அடுப்பை நோக்கி ஓடுகிறாள். கோபம் கொண்ட குழந்தை தயிர்ப் பானையைக் கல்லால் உடைக்கிறது. திரும்பி வந்தவள் உடைந்த பானையைக் கண்டு சிரிக்கிறாள். பிறகு கோலை எடுத்துக்கொண்டு அவனைத் துரத்துகிறாள், பிடிக்கிறாள். அவன் அஞ்சி அழுவதைப் பார்த்ததும் கோலை எறிந்துவிடுகிறாள். உரலில் கட்டிவைக்க முயல்கிறாள். கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிந்தாலும் அதே இரண்டு விரற்கடை. வீட்டிலுள்ள கயிறெல்லாம் தீர்ந்தும் குறை தீரவில்லை. கோபியர் சுற்றி நின்று நகைக்கின்றனர். அவள் வியர்த்து, கூந்தல் மலர் நழுவி, களைத்து நிற்பதைக் கண்டு இரங்கிய பிறகே இறைவன் கட்டுண்கிறான்.

இந்த லீலையை நினைத்து நம்மாழ்வார் ஆறு மாதம் தன்னை மறந்திருந்தார் என்று வைணவ மரபு கூறும். அண்டங்களை அடக்கியவன் ஒரு கயிற்றுக்குள் அடங்கியதைக் கண்டு உருகியவர் அவர். இல்லறத்தார் இதே காட்சியிலிருந்து மூன்று பாடங்களைத் தமக்கெனப் பெறலாம்.

முதலாவது, விவேகம். அந்த ஒரு காலைப்பொழுதில் யசோதைக்கு இரண்டு முறை இடையூறு நேர்கிறது. முதல் முறை குழந்தைக்காக வேலையை நிறுத்துகிறாள். இரண்டாம் முறை வேலைக்காகக் குழந்தையை இறக்கி வைக்கிறாள். இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். ஆனால் தயிர் காத்திருக்கும். பொங்கும் பால் காத்திருக்காது. 'எப்போதும் குழந்தையே முதல்' என்பதும், 'எப்போதும் வேலையே முதல்' என்பதும் சிந்திப்பதிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழிகளே. காத்திருக்க இயலாதது எது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். ஊசி போடும்போது குழந்தை அழத்தான் செய்யும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் ரேஷன் வரிசையில் ஓர் இடம் பின்னால் போனால் அரிசி குறைந்துவிடாது.

இரண்டாவது, அந்தப் பால் யாருக்காக? அடுப்பில் காய்ந்த பாலும் கண்ணனுக்காகத்தான். பகவானை விட்டுவிட்டுப் பாலிடம் போனாளே என்று கேட்பவருக்கு, பகவானின் பணிக்காகவே போனாள் என்று ஆசாரியர்கள் விடை கூறுவர். வேலையும் குழந்தையும் எதிரெதிராக நிற்பது நம் மயக்கமே. வேலை யாருக்காக என்பது நினைவில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. அது மறந்துபோகும் கணத்தில் அரிசி மூட்டை குழந்தையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

மூன்றாவது, கோல். யசோதை கோலை எறிந்தாளே தவிர, கண்டிப்பை எறியவில்லை. கட்டும் முயற்சி தொடர்கிறது. குழந்தையின் கண்ணில் அச்சத்தைக் கண்டவுடன் கருவியை மாற்றிக்கொண்டாள். சுற்றிலும் கோபியர் நகைத்தபோதும், அந்த நகைப்புக்குப் பதிலாகக் கோலை மீண்டும் எடுக்கவில்லை. பார்வையாளர் முன்னிலையிலும் தன் குழந்தையை மட்டுமே பார்த்தாள் அந்தத் தாய்.

இரண்டு விரற்கடைக் குறைக்கு உரையாசிரியர்கள் அழகான பொருள் சொல்வர்: ஒன்று மனித முயற்சி, மற்றொன்று இறையருள், இரண்டும் சேர்ந்தால்தான் கயிறு எட்டும். குழந்தையுடன் வெளியே செல்லும் எவருக்கும் அந்தக் குறை அனுபவத்தில் தெரிந்ததே. எவ்வளவு கச்சிதமாகத் திட்டமிட்டாலும், எவ்வளவு தின்பண்டம் கட்டிக்கொண்டு போனாலும், நாள் முடிவில் கயிறு சற்றே குறையும். அது தாயின் தோல்வி அன்று. ஓர் உயிரைக் கட்டுவதற்கு முயற்சி மட்டும் போதாது என்பதன் அடையாளம் அது.

அவசரம் என்னும் பகை

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பாதிரிமார் ஆவதற்குப் பயின்ற மாணவர் நாற்பது பேரிடம் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வு நடத்தி 1973-இல் வெளியிட்டனர். மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதை. வழியில் ஒரு மனிதர் வாசற்படியில் சரிந்து, இருமிக்கொண்டு கிடக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அவகாசம் இருந்த மாணவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். 'நேரமாகிவிட்டது, விரைந்து போ' என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காட்டினரே. உதவியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற எண்ணம் குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் உண்டாக்கவில்லை. உண்டாக்கியது அவசரம்.

அந்த மாணவர்கள் கொடியவர்கள் அல்லர். அவசரம் மனிதனின் பார்வையைக் குறுக்குகிறது. போய்ச் சேரும் இடம் மட்டும் தெரிகிறது, வழியில் இருக்கும் உயிர் தெரிவதில்லை. கீழே கிடக்கும் மனிதனைக் கண்டும் காணாமல் போவதும், கையைப் பிடித்து இழுக்கும் குழந்தையைக் கண்டும் காணாமல் இருப்பதும் ஒரே நோயின் இரு குறிகள். நல்லொழுக்கத்தை வளர்க்க விரும்புபவர் நற்பண்புகளைப் பற்றிப் படிப்பதோடு, நாளில் சற்று அவகாசத்தையும் ஒதுக்க வேண்டும். மூன்று வேலைக்குத் திட்டமிடும் இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு வகைத் தவமே.

ஆனால் இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. எல்லா அவசரமும் தானே வருவித்துக்கொண்டதன்று. பேருந்து நாளுக்குச் சில நடைகளே வரும் ஊரில், மாலைக்குள் மலையேறாவிட்டால் இருட்டும் யானைப் பாதையும் காத்திருக்கும் இடத்தில், அவகாசம் என்பது வாங்க முடியாத பொருள். மனத்தை அடக்கு என்று அந்தத் தாய்க்குப் போதிப்பது எளிது. அவளுக்கு முன்னால் நிற்பவர் தம் இடத்தை விட்டுக்கொடுப்பது அதைவிட எளிது, அதைவிடப் பயனுள்ளதும்கூட.

குழந்தையிடம் உண்மை

குழப்பத்தின் நடுவே பெரியவர்கள் எளிதில் கைவிடும் அறம் வாய்மை. 'அழாதே, அழுதால் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்', 'பேசாமல் நில், வீட்டுக்குப் போகும்போது பொம்மை வாங்கித் தருகிறேன்', 'இனி உன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன்.' மூன்றும் பொய்கள். இவற்றைப் பொய் என்று எவரும் கருதுவதில்லை. குழந்தையை அடக்கும் உத்தி என்றே கருதுகின்றனர்.

வாய்மையே கலியுகத்தின் தவம் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாக்கு. தாம் ஒன்றைச் செய்வதாகச் சொல்லிவிட்டால், பிறகு அது தேவையற்றதாகத் தோன்றினாலும் செய்தே தீருவார் அவர். குழந்தையிடம் சொன்ன சொல்லுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று அவர் எங்கும் கூறவில்லை.

இந்த அறத்தின் பயனை அண்மைக்கால ஆய்வு ஒன்றும் காட்டுகிறது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகளிடம் நடத்தப்பெற்று, 2013-இல் வெளியான ஆய்வு அது. படம் வரையும் குழந்தைகளிடம், 'சற்றுப் பொறு, இதைவிட நல்ல வண்ணக் குச்சிகளைக் கொண்டுவருகிறேன்' என்று ஒருவர் சொல்லிச் சென்றார். ஒரு பிரிவினருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்; மறு பிரிவினருக்கு வெறுங்கையுடன் திரும்பினார். பிறகு எல்லாக் குழந்தைகளிடமும் ஓர் இனிப்பு கொடுக்கப்பட்டது. அதைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவதும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. சொல் காப்பாற்றப்பட்டதைக் கண்ட குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 3 நிமிடமே காத்திருந்தனர்.

பொறுமையின்மை குழந்தையின் பிறவிக் குணம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பெருமளவு, பெரியவர்களின் சொல்லுக்கு உள்ள மதிப்பைப் பொறுத்தது என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. வரிசையில் நிற்கும் குழந்தையிடம், 'நமக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் முடித்த பிறகு நாம். உனக்குக் கால் வலிக்கும், எனக்கும் வலிக்கிறது' என்று உள்ளதைச் சொல்லலாம். அது உடனே அமைதியடையாமல் போகலாம். ஆனால் அடுத்த முறை நம்பும்.

கை ஓங்கிய பிறகும் வாய்மைக்கு இடமுண்டு. 'அம்மாவுக்குக் களைப்பு, உன்னை அடித்திருக்கக் கூடாது' என்று சொல்வதால் தாயின் பெருமை குறைந்துவிடாது. தவறு செய்தவர் அதை ஒப்புக்கொள்ளும் காட்சியைக் குழந்தை முதன்முதலில் காண வேண்டிய இடம் வீடுதான். வேறெங்கே அது அதைக் காணப்போகிறது?

ஏந்துவதும் பற்றுவதும் சுமப்பதும்

சரணாகதியை விளக்கும்போது வைணவப் பெரியோர் இரண்டு நியாயங்களைச் சொல்வர். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் தானே கவ்விச் செல்கிறது. ஜீவனின் முயற்சியும் வேண்டும் என்று வடகலையாரும், இறைவனின் அருளே போதும் என்று தென்கலையாரும் இவ்வுவமைகளைக் கையாண்டனர். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரும் இவற்றை எடுத்தாண்டிருக்கிறார்.

இரண்டு குழந்தைகளுடன் மலைப் பேருந்தில் ஏறும் தாயிடம் இந்த இரு நியாயங்களும் ஒரே நேரத்தில் விளங்குகின்றன. இடுப்பில் இருப்பது பூனைக்குட்டி; தாய் பிடித்திருந்தால் போதும். முந்தானையைப் பிடித்து நடப்பது குரங்குக்குட்டி. அது தன் பிடியை விடக் கூடாது. இவற்றுக்கு அடுத்த மூன்றாவது படியும் ஒன்று உண்டு. அதைக் காட்டுவது அகத்தியரின் இல்லமே.

அகத்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் பிறந்த மைந்தன் திருடஸ்யு. சிறுவனாக இருக்கும்போதே தந்தையின் வேள்விக்கு வேண்டிய சமித்துக் கட்டுகளை அவன் சுமந்து வந்தான். அதனால் 'இத்மவாகன்', அதாவது விறகு சுமப்பவன், என்ற பெயரைப் பெற்றான் என்று மகாபாரதத்தின் வனபர்வம் கூறுகிறது. கடலையே குடித்த முனிவரின் மகனுக்கு விறகுக் கட்டு சுமந்ததால் ஒரு பெயர் வாய்த்தது. தந்தையின் ஆற்றலால் வாய்க்கவில்லை.

குழந்தை முதலில் ஏந்தப்படுகிறது; பிறகு தானே பற்றிக்கொள்கிறது; பிறகு சிறிது சுமக்கிறது. மனிதன் அறத்தில் வளர்வதும் இப்படித்தான். ஐந்து வயதுப் பையனை 'சும்மா நில்' என்று சொல்வதைக் காட்டிலும், குடும்ப அட்டை உள்ள உறையை அவன் கையில் கொடுத்து, 'இதைத் தொலைக்காமல் வைத்திருப்பது உன் பொறுப்பு' என்று சொல்வது மேல். நிற்பது குழந்தைக்குத் தண்டனை. காப்பது அதற்குப் பதவி. வேலை சற்றுத் தாமதமாகலாம். ஆனால் அன்றைய நாளில் அவன் தடையாக இராமல், துணையாக மாறுகிறான்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். சுமை குழந்தையின் தோளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும் மூத்த பெண் பிள்ளையைப் பார்த்து, 'எவ்வளவு பொறுப்பு!' என்று வியப்பது அறமன்று. அது பெரியவர்கள் தங்கள் பொறுப்பைச் சிறுமியின் இடுப்பில் இறக்கி வைப்பது.

தவமா, சுமையா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தாய்மார்கள் படும் பாட்டைத் தவம் என்றும் யோகம் என்றும் புகழ்ந்துவிட்டால், அவர்கள் தனியாக அல்லலுறுவதை நியாயப்படுத்தியதாக ஆகாதா?

ஆகக் கூடும். ஆகவே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தாமே உவந்து ஏற்பது தவம். பிறர் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுமை. சுமையைத் தவமாக மாற்றும் ஆற்றல் சுமப்பவருக்கு உண்டு. அதைத் தவம் என்று பெயரிட்டுப் புகழ்ந்துவிட்டு விலகும் உரிமை சுமத்தியவருக்கு இல்லை. இந்தியாவில் 2024-இல் நடத்தப்பெற்ற நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இந்த இடைவெளியைத் தாய்மையின் பெருமை என்று சொல்லி மூடிவிட முடியாது.

நம் சட்டம் ஒரு காலத்தில் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொழுந்து பறிக்கும் இரண்டு கைகளால் குழந்தையையும் ஏந்த முடியாது என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. ஆனால் அந்தக் காப்பகம் தோட்ட வேலைக்கு மட்டும் உரியது. தோட்டம் ஓய்ந்துவிட்டால் அதுவும் ஓய்ந்துவிடும். ரேஷன் வரிசைக்கும் மருத்துவமனை வாசலுக்கும் தாயின் இடுப்பே காப்பகம். யசோதைக்கு அந்தத் துன்பமெல்லாம் நேர்ந்ததும் பணிப்பெண்கள் அருகில் இல்லாத ஒரு நாளில்தான் என்பதைப் பாகவதம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. துணையற்ற தாயிடம் கயிறு குறையத்தான் செய்யும்.

சுமையைத் தவமாக ஏற்றவருக்கு அன்னை ஸ்ரீசாரதாதேவியாரைக் காட்டிலும் உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை. 1886-இல் குருதேவர் மறைந்த பின் அன்னையின் மனம் உலகில் தங்க விரும்பவில்லை. 1900-இல் அவருடைய தம்பி மகள் ராது, தந்தையை இழந்த நிலையில் பிறந்தாள். குழந்தையின் தாய்க்கோ மனநலம் குன்றியிருந்தது. கவனிப்பாரின்றித் தவழ்ந்து அழுத அக்குழந்தையை அன்னை வாரியெடுத்தார். அந்தக் குழந்தையைப் பற்றுக்கோடாகக் கொண்டு உலகில் வாழுமாறு குருதேவர் காட்சி தந்து பணித்ததாக அன்னையின் வரலாறு கூறுகிறது. அதன்பின் 1920 வரை, தீட்சை நாடி வந்த சீடர்களும் ஜபமும் சமையலும் உறவினர் பூசலும் ராதுவின் பிடிவாதமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. வளர்ந்த பின்னும் ஒருமுறை ராது கத்தரிக்காயை எடுத்து அன்னையின் முதுகில் வீசினாள். வலியால் முதுகு வளைந்த நிலையிலும், அறியாதவளின் பிழையைப் பொறுக்குமாறு அன்னை குருதேவரிடம் வேண்டிக்கொண்டார்.

அமைதி கிடைத்தபின் ஆன்மீகம் தொடங்கலாம் என்று அன்னை காத்திருக்கவில்லை. அதே வேளையில், அவரைச் சுற்றியிருந்த துறவியரும் பக்தைகளும் அந்தப் பளுவை வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. ராதுவுக்கான அலைச்சலில் துறவியரும் பங்கேற்றனர். ஏற்பவரின் பொறுமையும் அருகிலிருப்பவரின் தொண்டும் சேர்ந்தே அந்தக் குடும்பத்தை நடத்தின. கயிற்றின் இரண்டு விரற்கடைகளில் ஒன்று முயற்சி, மற்றொன்று அருள் என்றால், அருள் பெரும்பாலும் அயலாரின் கைகள் வழியாகவே வந்து சேர்கிறது.

ஆகவே இக்கேள்விக்கான விடை இரண்டு திசைகளில் செல்கிறது. குழந்தையுடன் வெளியே செல்பவருக்கு: திட்டத்தைச் சுருக்குக, காத்திருக்க இயலாதது எது என்று பார்க்க, பொய்யால் குழந்தையை அடக்காமல் சிறு பொறுப்பால் அதைச் சேர்த்துக்கொள்க, கை ஓங்கும்போது, யார் பார்ப்பதற்காக ஓங்குகிறது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்க. அருகில் நிற்பவருக்கு: வரிசையில் இடம் விடுக, பேருந்தில் மூட்டையையாவது வாங்கி வைத்துக்கொள்க, அழும் குழந்தையைப் பார்த்து முகம் சுளிக்காதிருக்க. சிவஞானத்தோடு ஜீவசேவை செய்ய விரும்பும் பக்தர்கள் அதற்கு வெள்ளமோ புயலோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ரேஷன் கடையின் வாசலிலும், எந்த மருத்துவமனையின் வரிசையிலும், ஒரு குழந்தையின் அழுகை வடிவில் அந்த அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. கயிற்றில் குறைவது இரண்டு விரற்கடைதான். அதைக் கொடுக்க எவராலும் இயலும்.